சொல்லாத பெயர்

காற்று வருவதற்கு முன்பே தகடு ஆடியது.

பீச் மரத்தில் மிச்சமிருந்த மஞ்சள் இலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. வறட்டிப் புகை கூரைக்கு மேலே நேராக நின்றது. ஆனாலும் மரத்தின் கீழ்க்கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்த அந்தப் பழைய கலப்பைத் தகடு, யாரோ தோளால் இடித்துக்கொண்டு போனதுபோல, மெல்ல ஒருமுறை பள்ளத்தின் பக்கம் போய்த் திரும்பி வந்தது. சத்தம் எழவில்லை. சோளக்களி கிண்டும் துடுப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்ற மாலினேயோ, லினேயோவின் அம்மா, அது முழுதாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். களி அடிப்பிடித்திருந்தது.

அப்போது மணி பன்னிரண்டே கால். ஏப்ரல் மாதக் கடைசி வாரம், இந்த மலையில் குளிர்காலத்துக்கு முந்தைய இலையுதிர் காலம். காலை ஆறு மணிக்குத் தலைநகர் மசேருவின் வானொலியில் சொன்னார்கள்: தெற்கிலிருந்து குளிர்க்காற்று ஒன்று வருகிறது, தாழ்நிலத்தில் மழை, எங்கும் பலத்த காற்று, மலைகளில் வெண்பனி. அவள் கணவர், தாழ்நிலத்தில் தங்கிப் படிக்கிற மகள் லினேயோவின் அப்பா, அதைக் கேட்ட மாத்திரத்தில் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர்களுடைய நாற்பது ரோம ஆடுகளும் கணவாய்க்கு அந்தப் புறம் மலைப்பட்டியில் இருந்தன. கத்தரிப்புக் கொட்டகையில் முறை கிடைக்கத் தாமதமாகி, போன வாரம்தான் அவற்றின் ரோமத்தை எடுத்திருந்தார்கள். எட்டு நாள் ஆன ஆட்டுத் தோலில் கட்டைவிரல் நகம் அளவுக்குக்கூட மயிர் வளராது. அந்தத் தோலில் ஈரக்காற்று பட்டால் ஆடு நோயில் விழுவதில்லை, நின்ற இடத்திலேயே மடங்கிவிடும். சோளக்கதிர் படம் போட்ட பழுப்புப் போர்வையைத் தோளில் ஊசியால் குத்திக்கொண்டு, ரொட்டித் துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

பதினொரு மணிக்குக் கணவாயின் உச்சியிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

"ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். மழைக்கு முன்னாடி வீட்ல இருப்பேன். களி கிண்டி வை."

"மேல எப்படி இருக்கு?"

"சும்மா வெதுவெதுன்னு வடக்குக் காத்து. இந்த வானொலிக்காரனுங்க..."

அவ்வளவுதான். பேச்சு அறுந்தது.

ஒரு மணிக்கு அந்த வெதுவெதுப்பு நின்றது. நின்றது என்றால், கதவைச் சாத்தியது போல நின்றது. பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்க்காற்று வந்தது. முதலில் வாசனை: நனைந்த கல், எங்கோ தொலைவில் கிளறிய மண், அதற்கும் அடியில் இரும்பை நாக்கில் வைத்தது போன்ற ஒரு ருசி. அடுத்து, அறுவடை முடிந்து நின்ற சோளத்தட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சலசலத்துத் தலைசாய்ந்தன. மழை நேராக விழாமல் படுக்கையாக வந்தது. அரை மணி நேரத்தில் அதில் வெள்ளை கலந்தது. இரண்டு மணிக்கு வெறும் வெள்ளை. கணவாய் போயிற்று, பாதை போயிற்று, ஆட்டுத்தொழுவத்தின் கல்மதில் போயிற்று. பகல்தான், வெளிச்சமும் இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

அவள் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

அந்தத் தகடு இருப்பது இதற்காகத்தான். யாராவது கணவாய்க்கு மேலே இருக்கும்போது மூட்டமோ பனியோ இறங்கினால் வீட்டில் இருப்பவர் அடிக்க வேண்டும். மூன்று அடி, ஒரு குரல், பத்து எண்ணும்வரை மௌனம். மறுபடி மூன்று அடி. ஆள் வந்து சேரும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நிறுத்துவது, கயிற்றைப் பிடித்து ஏறுகிறவனின் கயிற்றை மேலே அவிழ்த்துவிடுவது போல. வீட்டுக்கு வரும் பாதை கடைசி நாற்பது அடி தூரம் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே வரும். தகட்டின் ஒலிக்கு நேராக நடந்தால் முற்றத்து வாசல். ஒரு முழம் இடப்பக்கம் விலகினால் எண்பது அடிப் பள்ளம்.

"லினேயோ அப்பா!" என்று கூப்பிட்டாள். டண், டண், டண். "லினேயோ அப்பாவோ!"

பனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்பு வெள்ளைக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக. அவருடைய ஆடுகள் ஒருநாளும் வரிசையில் நடந்ததில்லை. கத்தவுமில்லை. இளஞ்சிவப்புத் தோல் நீலம் பாரித்து, முதுகெலும்பின் மேல் பனி ஒரு கோடாகப் படிந்து, வாசலுக்குள் நுழைந்து அவளைப் பார்க்காமலே நின்றன. பதினொன்று. இடையிடையே ஓடிப்போய்த் தகட்டை அடித்துவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கி வீட்டுக்குள் நெருப்பருகில் தள்ளிக்கொண்டிருந்தபோது, பள்ளத்துப் பக்கத்து மேட்டு வீட்டிலிருந்து மாபுலானே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். புருஷனை இழந்தவள், ஊருக்கே பீர் காய்ச்சுகிறவள், சாவு வீட்டிலும் சிரிக்க வைக்கிறவள்.

"ஏண்டி, கல்யாணக் கூட்டம் மாதிரி ஆட்டையெல்லாம் வீட்டுக்குள்ள ஏத்துறே? எனக்கும் ஒரு பாய் போடு." சொல்லிக்கொண்டே ஒரு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் குரல் இறங்கிற்று. "அவன் எங்க?"

"பின்னாடி வருவார். ஆடு வந்துடுச்சுல்ல. பின்னாடிதான் இருப்பார்."

"நீ என்னன்னு கூப்பிடுறே?"

"லினேயோ அப்பான்னு."

"மலை என்ன உன் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்து வாத்தியாரா, லினேயோ அப்பான்னா ஆளைத் தெரியுறதுக்கு? பேரைச் சொல்லிக் கூப்பிடணும்டி. பனியில புத்தி போயிடும். பேருக்குத்தான் கால் திரும்பும்."

"நீங்க கூப்பிடுங்கக்கா."

"வர்ற வழியிலேயே நாலு தடவை கூப்பிட்டாச்சு. என் குரலுக்கு என் கழுதையே திரும்பாது. எந்த வீட்டுலேருந்து போனானோ அந்த வீட்டுக் குரல் வேணும்."

மாலினேயோ கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "எப்படிக்கா... அது பெரியவர் பேராச்சே."

பத்து வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூட வாயில் எடுத்ததில்லை. கணவன் பெயர் என்பதால் அல்ல. இந்த மலையில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வார்கள், சண்டை வந்தால் ஊர் கேட்கக் கத்தவும் செய்வார்கள். புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயரைத்தான் மருமகள் சொல்லக்கூடாது. தலைப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். லினேயோவின் அப்பா தலைப்பிள்ளை. ஆகவே தாத்தாவுக்கு உரிய தடை பேரனையும் சேர்த்து மூடிக்கொண்டது. அந்தப் பெயரைப் போலத் தொடங்குகிற சொற்களைக்கூட அவள் விட்டுவிட்டு வேறு சொல் தேடிப் பேசப் பழகியிருந்தாள்.

தாத்தா போனதும் இப்படி ஒரு ஏப்ரல் பனியில்தான். மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு காளைகளைத் தேடிக் கணவாய்க்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றைக்கு இந்த மரத்தில் தகடு கிடையாது. அவரைக் கூப்பிட யாரும் வெளியே வரவும் இல்லை. தகட்டைக் கட்டியதே அதற்கு அடுத்த வருடம்தான்.

"பெரியவர் போய் நாப்பது வருஷம் ஆச்சு," என்றாள் மாபுலானே. "அவரு கோவிச்சுக்கிட்டா ஒரு ஆட்டை வெட்டி மன்னிப்புக் கேட்டுக்கலாம். புருஷன் போயிட்டா எதைடி வெட்டுவே?" சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வீட்ல எங்கம்மா தனியா கிடக்கு, நெருப்பு அணைஞ்சிருக்கும். போட்டுட்டு ஓடி வர்றேன். கூப்பிடு. கேட்டுச்சா? கூப்பிடு."

நாலு அடியில் அவளும் வெள்ளையாகிப் போனாள்.

டண், டண், டண். மாலினேயோ வாயைத் திறந்தாள்.

"மொகெத்தி!"

சொன்னதும் உடம்பு கூசிற்று. பிறந்தமேனியாக வாசலில் நிற்பதுபோல. ஆனால் அது வெளியே வந்துவிட்டது. இனி என்ன. "மொகெத்தீ...! மொகெத்தீ...!"

"ஓய்!"

உடனே வந்தது பதில். பத்து எண்ணக்கூடத் தேவைப்படவில்லை. ஆம்பிளைக் குரல். கிட்டத்தில், மிகக் கிட்டத்தில், மாபுலானே வீட்டுக்குச் சற்றுக் கீழே. மாலினேயோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "இங்க! இப்படி வாங்க! நேரா!" என்று கத்தியவள், கம்பியை ஓங்கிய கையோடு நின்றாள்.

அது கணவாயின் பக்கம் இல்லை. பள்ளத்தின் பக்கம். அங்கே பாதையே கிடையாது.

அப்போதுதான் மேலேயிருந்து, காற்று ஒரு மூச்சு வாங்கிய இடைவெளியில், நூல்போல மெலிந்து இன்னொரு குரல் இறங்கி வந்தது.

"மாலினேயோ... எந்தப் பக்கம்?"

அது அவர். சந்தேகமே இல்லை. 'எந்த' என்பதை அவர் இழுக்கிற இழுப்பு.

அவள் அடித்தாள். வேறென்ன செய்வாள், அடித்தாள். மூன்று அடி, பெயர். மேலே அவருடைய குரல் கொஞ்சம் பெரிதாயிற்று. கீழே வேறொரு ஒலி தொடங்கிற்று. டொக். டொக். விறைத்துப்போன ஏதோ ஒன்று, மரப்பலகைபோல, நடக்கிறவரின் முழங்காலில் இடித்து இடித்து வருகிற ஒலி. அவள் அடிக்கும்போது நடந்தது. மௌனமாக எண்ணும்போது நின்றது.

விரல்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரித்து வாயருகே வைத்து ஊதினாள். முப்பது எண்ணும் நேரம்தான் இருக்கும். டொக் ஒலி நின்றது. நின்று, பின்வாங்கிற்று. நல்லது என்று நினைத்தாள். அதற்குள் மேலே அவருடைய குரல் இடப்பக்கம் விலகியிருந்தது. "கேக்கலையே... அடி... எங்கடி இருக்கே..." இடப்பக்கம். பள்ளம். குரலோடு கற்கள் சில உருண்டு, உருண்டு, வெகுநேரம் கழித்து எங்கோ அடியில் விழுந்தன.

"மொகெத்தி! மொகெத்தி!"

குரல் நேர்ப்பட்டது. டொக். டொக். டொக்.

ஒருவரை இழுத்தால் இருவரும் வருகிறார்கள். ஒருவரை விட்டால் இருவரும் போகிறார்கள்.

மேட்டிலிருந்து மாபுலானேயின் அலறல் வந்தது. ஜன்னலைத் திறந்து கத்துகிறாள். "ஏ மாலினேயோ! நிறுத்துடி! ரெண்டு பேர் வர்றாங்க! ஒருத்தன் என் மதிலைத் தொட்டுக்கிட்டே போனான்! மாட்டுத்தோல் போர்த்தியிருக்கான், போர்வை இல்ல, தோலு! நிறுத்து!"

"நிறுத்தினா அவர் போயிடுவார்க்கா!"

"நிறுத்துடி, உன் கால்ல விழுறேன்!"

"நீங்க வாங்கக்கா! வந்து என்கூட நில்லுங்க!"

ஜன்னல் அடித்துச் சாத்திய ஒலி. அதன்பின் கதவுக்குக் குறுக்குக்கட்டை போடுகிற ஒலி. சிரிக்க வைக்கிறவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கிராமத்தில் மீதி மூன்று வீடு. இரண்டு வீட்டு ஆண்கள் சுரங்கத்தில். மூன்றாவது வீட்டில் கிழவர் ஒருவர், காது கேளாதவர்.

டண், டண், டண்.

வீட்டுக்குள் நெருப்பருகே முனகிக்கொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்தன.

முற்றத்து வாசல் என்பது மதிலில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அதில் வெள்ளை கொஞ்சம் கெட்டியாயிற்று. பிறகு அதற்குத் தோள் வந்தது. தலை வந்தது. உறைந்து பலகையான மாட்டுத்தோல் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரே மடிப்பாக நின்றது. கீழே வெறுங்கால். கருத்துச் சுருங்கி, வேர்போல. பனியில் அது பதித்த அடியில் பனி அமுங்கவே இல்லை.

"தாத்தா," என்றாள். பல் தாளம் போட்டது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், மருமகள் அல்லவா. "உங்களை இல்ல தாத்தா. உங்க பேரனைத்தான் கூப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. போயிடுங்க. நாளைக்கே ஆடு வெட்டுறேன். ரெண்டு வெட்டுறேன்."

அது நின்று கேட்டது. கண் இருக்க வேண்டிய இரண்டு குழியிலும் பனி அடைத்து மேடு தட்டியிருந்தது. முகம் அவளைப் பார்க்கவில்லை. தகட்டின் பக்கம் திரும்பியிருந்தது. தாடி அசைந்தது.

"கூப்பிட்டியே," என்றது. கோபமில்லை. எவ்வளவோ நாள் காத்திருந்த மனிதனுடைய, களைத்துப்போன, கிட்டத்தட்ட நன்றியான குரல். "யாரும் கூப்பிடல. நீதான் கூப்பிட்டே."

அதற்குப் பின்னால், மதிலுக்கு அப்பால், இருபது அடி தூரத்தில், அவர் தெரிந்தார்.

பழுப்புப் போர்வை. தோளில் மடங்கிக் கிடக்கும் ஒரு ஆடு. இமையெல்லாம் பனிக்கட்டி கோத்து ஒட்டிப்போய், ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டு. வாயிலிருந்து ஆவி வந்தது. வெள்ளை ஆவி, விட்டு விட்டு. உயிர். உயிரோடு இருக்கிறார். இடது பாதம் விளிம்பிலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். இரண்டடி எடுத்து வைத்தாள். அவள் நகர்ந்த பக்கம் குரலும் நகர்ந்தது. குரல் நகர்ந்த பக்கம் அவர் கால் நகர்ந்தது. பள்ளத்தின் பக்கம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கே திரும்பினாள். இங்கே நின்றால்தான் நேர்க்கோடு. இங்கேதான் நிற்க வேண்டும்.

கம்பியை ஓங்கினாள். அடித்தாள்.

சங்கிலியின் ஒரு கண்ணி குளிரில் படீரென்று தெறித்தது. தகடு பனிக்குள் விழுந்தது. ஒலியே இல்லை.

இனி வாய் மட்டும்தான்.

"மொகெத்தி!"

அவர் ஒரு அடி வைத்தார். அதுவும் ஒரு அடி வைத்தது. டொக்.

"மொகெத்தி!"

ஒரு அடி. ஒரு அடி.

குரல் பிளந்துவிட்டது. தொண்டையில் இரத்தத்தின் உப்பு. வெளியே வருவது பெயரா காற்றா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கால்களுக்குத் தெரிந்தது. இரண்டு ஜோடிக் கால்களுக்கும். அவர் பதினைந்து அடியில். அது ஆறு அடியில். கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் அவர் எங்கே என்று தெரியவில்லை. திறந்தாள். அது மூன்று அடியில். ஊறிய தோலின் வாடை. புல்லின் வாடை. நாற்பது வருடத்துக் குளிரின் வாடை.

"மொகெத்தி."

அவர் வாசல் இடைவெளியைத் தடவினார். கை மதிலில் பட்டு நழுவிற்று. இடப்பக்கம் நழுவிற்று.

"மொகெத்தி!"

திரும்பினார். பத்து அடி.

அது வந்து சேர்ந்துவிட்டது.

அவள் போர்வையின் ஊசியருகே, நெஞ்சில், ஒரு கை ஊன்றிற்று. இன்னொரு கை மெதுவாக மேலேறிற்று. குருடன் வீட்டு வாசலைத் தேடுவதுபோல. கழுத்து. தாடை. கன்னம். அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற விரல்கள். அவை அவள் உதட்டைக் கண்டுபிடித்தன. அங்கேயே நின்றன. கிளைகள்போல விறைத்த நான்கு விரல்கள். கதகதப்பு பட்டு, நுனியில் பனி உருகி, ஒரு சொட்டு அவள் நாக்கில் விழுந்தது.

அவள் பேசவில்லை. ஒரு நொடி.

பத்தடிக்கு அப்பால் அவர் தலை சாய்த்துக் கேட்டார். கேட்கவில்லை. பாதம் தயங்கிற்று. இடப்பக்கம் திரும்பிற்று. விளிம்பிலிருந்து பனி ஒரு பிடி பெயர்ந்து விழுந்தது.

மாலினேயோ அந்த விரல்களுக்கு நடுவே வாயைத் திறந்தாள். எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக. விரல்கள் உள்ளே வந்தன. அவற்றைச் சுற்றி நாக்கை வளைத்து, அவள் மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.